புதுப்பிப்பு: மோசின் வாங்கியாச்சு

மலிவாக ஒரு பழைய ராணுவ ரைஃபிள் வேண்டும், ரஷ்ய மோசினா ஜெர்மன் மௌசரா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கடைசியில் 91/30 மாடல் மோசின்தான். 1943, ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலைத் தயாரிப்பு. மலிவு என்பதெல்லாம் பழைய கதை. ஒரு காலத்தில் அமெரிக்காவில் நூறு டாலருக்குள் கிடைத்ததற்கு நான் நாலு மடங்கு கொடுத்தேன்.

முதல் நாள் சுட்டதும் போல்ட் (தோட்டாவைப் போடவும் எடுக்கவும் கையால் இழுக்கும் பூட்டு) திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் இடத்தில், காய்ந்துகிடந்த காஸ்மோலின்தான் காரணம்; கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் கிரீஸ் அது. கிரீஸைக் கரைக்க மினரல் ஸ்பிரிட்ஸ், தேய்க்க பித்தளை பிரஷ் என்று ஒரு சனிக்கிழமை முழுக்கப் போச்சு. துணியில் தேன் நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. போல்டின் வரிசை எண்ணும் பேரலின் (குழலின்) வரிசை எண்ணும் ஒன்றுதான், ஆனால் போல்டில் பழையதை அழித்து மறுபடி அடித்திருக்கிறார்கள், அதாவது அசல் ஜோடி இல்லை. பரவாயில்லை.

அப்புறம், பழைய சோவியத் தோட்டாவின் பிரைமர் (அடியில் தீப்பொறி தரும் மருந்து) விட்டுப்போகும் உப்பு பேரலைத் துருப்பிடிக்க வைக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டுவிடுகிறேன். சுடும்போது ரைஃபிள் உதைத்த தோள்தான் இன்னும் வலிக்கிறது.