ஜான் வேய்ன் நடிகரா, நட்சத்திரமா?

பெரியப்பா: நேற்றிரவு ‘ஹை நூன்’ (1952) படத்தை மறுபடியும் பார்த்தேன். அன்று காலையில்தான் திருமணம் முடித்த, ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷல், நண்பகல் ரயிலில் வந்திறங்கப்போகும் பகைவனை எதிர்க்கத் துணை கேட்டு, மதுக்கடை முதல் தேவாலயம் வரை ஏறி இறங்குகிறார்; ஒருவரும் முன்வரவில்லை. மார்ஷலாக நடித்த காரி கூப்பருக்கு அப்போது வயது ஐம்பது. ஒவ்வொரு இடத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பும்போதும் அவருடைய நடை இன்னும் கொஞ்சம் தளர்கிறது. ஹாலிவுட் கௌபாய் படங்களில் ஜான் வேய்ன் பெரிய நட்சத்திரம்தான். ஆனால் அவரை நடிகர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சித்தப்பா: அண்ணா, வேய்ன் அந்தப் படத்தை அடியோடு வெறுத்தவர். ஆனாலும் 1953 ஆஸ்கார் விழாவில் கூப்பருக்குக் கிடைத்த சிறந்த நடிகர் விருதை அவர் சார்பில் மேடையேறி வாங்கியவரும் அவரே. கதாசிரியர் கார்ல் ஃபோர்மன் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு விசாரணையில் சிக்கி, ஹாலிவுட்டில் வேலை மறுக்கப்பட்டு இங்கிலாந்துக்குப் போக நேர்ந்த விவகாரத்தில் வேய்ன் ஃபோர்மனுக்கு எதிராக நின்றது எனக்கும் உடன்பாடானதல்ல. ஆனால், அந்தப் படத்துக்கு மறுமொழியாக அவரும் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸும் 1959-இல் எடுத்த ‘ரியோ பிராவோ’வின் தொடக்கத்தைப் பாருங்கள். குடிக்கு அடிமையான டீன் மார்ட்டின், எச்சில் படிக்கத்தில் ஒருவன் எறிந்த காசை எடுக்கக் குனிகிறார். வேய்ன் அந்தப் படிக்கத்தைக் காலால் எட்டித் தள்ளிவிட்டு அவரைப் பார்க்கிறார். ஒரு வசனமும் இல்லை. வெறும் நட்சத்திரத்தால் அப்படிப் பார்க்க முடியாது.

நான்: பெரியப்பா, நான் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) படத்தைச் சொல்வேன். ஜான் ஃபோர்டு இயக்கத்தில் வேய்ன் ஏற்ற ஈத்தன், கோமான்ச்சி என்ற அமெரிக்கப் பழங்குடியினர் கொண்டுபோன சகோதரன் மகளை ஆண்டுக்கணக்கில் தேடி அலைகிறான். கடைசிக் காட்சியில் அவளை அழைத்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குள் போய்விட, அவன் மட்டும் வாசலுக்கு வெளியே நின்று, இடக்கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொள்கிறான். அது மறைந்த நடிகர் ஹாரி கேரிக்கு உரிய பாவனை. அவருடைய மனைவி ஆலிவ் கேரியும் இதே படத்தில் நடித்திருந்தார். தன் முன்னோடிக்குச் செய்த மரியாதையை, போக்கிடமில்லாத ஒரு மனிதனின் தவிப்பாகவும் மாற்றிக் காட்டியதை நடிப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

அத்தை: அந்தப் படத்தில் என்னை உறுத்துவது வேறு. கோமான்ச்சித் தலைவனாக வருபவர் பெர்லினில் பிறந்த ஹென்றி பிராண்டன். கோமான்ச்சிகளாக நிற்பவர்களோ நவாஹோ என்ற வேறொரு பழங்குடி மக்கள். டெக்சாஸ் என்று காட்டப்படும் மான்யுமென்ட் பள்ளத்தாக்கு அவர்களுடைய நிலம். இதை மறந்துவிட்டு அந்தப் படத்தைக் கொண்டாட எனக்கு முடியவில்லை. இருந்தாலும் சின்னண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இறந்து கிடக்கும் கோமான்ச்சியின் கண்களை ஈத்தன் சுடும் இடத்தில், நாம் தன்னை வெறுத்துவிடுவோமே என்ற தயக்கம் வேய்ன் முகத்தில் துளியும் இல்லை. தன் பிம்பத்தைக் காப்பாற்ற நினைக்கும் நட்சத்திரம் அதற்குத் துணியமாட்டார்.

பெரியப்பா: வெறுப்பை அவர் காட்டினார், சரி. பயத்தை எங்கே காட்டினார்? கூப்பர் நடுநடுங்கவில்லை, ஆனால் ஆளில்லாத அலுவலகத்தில் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும்போது, ஓடிவிடலாமா என்று அந்த மார்ஷல் நினைப்பது நமக்குத் தெரிகிறது. கேமரா மேலே எழும்பி, வெறிச்சோடிய தெருவில் அவரைத் தனி ஆளாகக் காட்டும்போது நம் வயிறே கலங்குகிறது. வேய்ன் எந்தத் தெருவில் நின்றாலும் அந்தத் தெரு அவருடையதாகிவிடும். அதுவே அவருடைய பலம், அதுவே அவருடைய எல்லை.

சித்தப்பா: அப்படியானால் 1976-இல் வந்த அவருடைய கடைசிப் படமான ‘தி ஷூட்டிஸ்ட்’டைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அண்ணா. அவருடைய பழைய படங்களின் துண்டுகளையே கதாநாயகனின் இளமைக்காலமாகக் காட்டித்தான் படம் தொடங்குகிறது. பிறகு வருபவரோ புற்றுநோய் கண்ட முதியவர். உட்காரவும் வலிப்பதால் கையோடு ஒரு சிவப்பு மெத்தையைத் தூக்கிக்கொண்டு திரிகிறார். மருத்துவராக வரும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், முடிவு எவ்வளவு வேதனையாக இருக்கும் என்று விவரிக்கும்போது வேய்ன் முகத்தை மட்டும் கவனியுங்கள். 1964-இல் புற்றுநோயால் நுரையீரல் ஒன்றை இழந்தவர் அவர். நீங்கள் கேட்ட பயம் அங்கே இருக்கிறது.