எச்.எல். டோரியின் கருப்பு வளையம்: கோளா, வெறும் இடைவெளியா?

லிந்துலை மூடுபனி:
நேத்து இங்க ஒருத்தர் "எச்.எல். டோரி நட்சத்திரத்தைச் சுத்தி உள்ள தூசித் தட்டுல கருப்பு வளையம் இருக்கு, அப்ப அங்க கோள் இருக்கு, முடிஞ்சுபோச்சு"ன்னு எழுதிட்டுப் போயிருக்கார். 45 லைக் வேற! என்ன முடிஞ்சுபோச்சு? 2014ல சிலியில இருக்கிற அல்மா ரேடியோ தொலைநோக்கி எடுத்த படத்துல கோள் எங்க தெரியுது? காட்டுங்க.

கொட்டகலையான்:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே கேக்கலாம். கோள் சுத்துற பாதையில தூசி விலகும். தேயிலை மலையில ஒத்தையடிப் பாதை கிடந்தா ஆள் நடந்திருக்குன்னுதானே அர்த்தம்?

லிந்துலை மூடுபனி:
அது பாதையா, மழைத்தண்ணி போற கானா? 450 ஒளியாண்டு தள்ளி நின்னு பார்த்தா ரெண்டும் கோடுதான். தண்ணியும் கார்பன் மொனொக்சைட்டும் உறையிற தூரத்துல தூசி ஒட்டுற விதமே மாறும், அதனாலயும் வளையம் வரலாம்னு சொல்ற ஆய்வாளர்கள் இருக்காங்க. அந்த நட்சத்திரத்துக்குப் பத்து லட்சம் வயசுகூட ஆகல. அதுக்குள்ள கோளா? காட்டுங்க.

பண்டாரவளைப் பொடியன்:
பிடிஎஸ் 70ன்னு இன்னொரு இளம் நட்சத்திரம் தெரியுமாண்ணே? 2018ல அதோட தட்டு இடைவெளிக்குள்ளயே கோளைப் படம் பிடிச்சாங்க. அடுத்த வருஷம் ரெண்டாவதும் கிடைச்சுது.

லிந்துலை மூடுபனி:
அதுக்கு 50 லட்சம் வயசு தம்பி. பக்கத்து லயத்துல பிள்ளை பொறந்தா எங்க வீட்ல தொட்டில் கட்டுவீங்களா?

நானுஓயா டீச்சர்:
"தட்டு" இல்ல, "வட்டு". அதோட தூசித் தட்டுன்னு சொல்றதே அரைகுறை. நிறையில 100ல 99 பங்கு வாயு. அந்தப் படத்துல தெரியிறது தூசி மட்டும்தான்.

லிந்துலை மூடுபனி:
கேட்டுக்கங்க! தூசி இல்லாத இடம் காலி இடம்னு ஆகாது. (எங்க ஊர்ல தட்டுதான் டீச்சர்.)

கொட்டகலையான்:
கிரகணம் பார்க்க வாங்கன்னு ஊரையே கூப்பிட்டு விடிய விடிய மூடுபனியைக் காட்டினவர் பேசுறார்.

பண்டாரவளைப் பொடியன்:
ஹாஹா. எங்க பக்கம் வாங்க, வானம் பளிச்சுன்னு இருக்கும். ரோகிணிக்குப் பக்கத்துலதான் எச்.எல். டோரி.

லிந்துலை மூடுபனி:
ரிஷபம் ராத்திரி உச்சிக்கு வர்ற மார்கழியில உங்க பக்கம்தான் மழை கொட்டும். வெறுங்கண்ணுக்கு அந்த நட்சத்திரம் தெரியவும் தெரியாது.

கொட்டகலையான்:
கான்னு சொன்னீங்களே, தண்ணி எங்க? காட்டுங்க.

நானுஓயா டீச்சர்:
2024ல அதே வட்டோட உள்பக்கத்துல நீராவி கண்டாங்க. நம்ம சமுத்திரமெல்லாம் சேர்ந்த மாதிரி மூணு மடங்குக்குக் குறையாது.

லிந்துலை மூடுபனி:
ஆங்! கான்தான்!

கொட்டகலையான்:
தண்ணி இருந்தாத்தான் கோள் உருவாக லேசு. அது என் கட்சி சார்.

நானுஓயா டீச்சர்:
நான் யார் கட்சியும் இல்ல. "வட்டு"ன்னு திருத்துங்க முதல்ல.

லிந்துலை மூடுபனி:
பீலியடிச் சண்டை ஆக்கிட்டீங்க. கேள்வி அப்படியே நிக்குது. எச்.எல். டோரியில கோள் எங்க? அந்த 45 லைக் போட்டவங்க யாராவது வந்து காட்டுங்க.

கொட்டகலையான்:
இப்ப 52.