புதுப்பிப்பு: ஹீட்டர் ராடு டூப்ளிகேட் இல்லை

1500 வாட் ராடு வாங்கியும் ஒரு வாளித் தண்ணீர் சூடாக நேரமாகிறது, டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். கடைக்காரரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் கிளாம்ப் மீட்டரோடு (ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வந்தார். ராடு ஓடும்போது அதற்குக் கிடைத்தது 196 வோல்ட், 5.5 ஆம்பியர். வகுத்தால் மின்தடை 35.6 ஓம். 230 வோல்ட்டில் 1500 வாட் ராடுக்கு 35.3 ஓம் இருக்க வேண்டும். அப்போ ராடு சரிதான். ஆனால் பெருக்கிப் பார்த்தால் 1078 வாட்தான் வருகிறது!

ராடை அணைத்தால் அதே பாயிண்ட்டில் 228 வோல்ட். மீதி 32 வோல்ட் எங்கே போனது? 32-ஐ 5.5-ஆல் பெருக்கினால் 176 வாட். அதில் பெரும்பகுதி சூடாகி சுவருக்குள் ஏதோ ஓரிடத்தில். சுவிட்ச் பலகையைக் கழற்றினார்: சாக்கெட் திருகு லூஸ், ஒயர் முனை கரிக்கட்டை, பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. இதன் பக்கத்தில்தான் தினமும் ஈரக்கையோடு நின்றிருக்கிறேன்.

சாக்கெட்டை மாற்றி, கருகிய முனையை வெட்டி இறுக்கினார். இப்போது 225 வோல்ட், 6.3 ஆம்பியர், 1400 வாட்டுக்கு மேல்.