நான்கு சக்கர இயக்கம்: எப்போதும் வேண்டுமா, வேண்டும்போது கிடைத்தால் போதுமா?

முத்தியால்பேட்டைக்காரன்:

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரிக் கரையைக் கடந்ததற்கு இரண்டு நாள் கழித்து, பாகூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில் என் முன்சக்கர இயக்கக் கார் வாய்க்கால் ஓரச் சேற்றில் இறங்கிவிட்டது. டிராக்டர் வந்து இழுக்கும் வரை மூன்று மணி நேரம் அங்கேயே நின்றேன். அடுத்த வண்டி நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் வண்டிதான் என்று அன்றே முடிவு செய்தேன். என் முன் இருக்கும் வழிகள் மூன்று: மாருதி சுசூகியின் கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் (அந்த வண்டியின் நான்கு சக்கர இயக்க வகை), ஜிம்னி, அல்லது 2016க்கு முந்தைய பழைய டொயோட்டா ஃபார்ச்சூனர்.

நான் பழைய ஃபார்ச்சூனர் பக்கம் சாய்கிறேன். காரணம் சுபாரு என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கார்கள். பிரான்சில் குடியிருக்கும் என் பெரியப்பா மகன் பல ஆண்டுகளாக அந்த நிறுவனத்தின் ஃபாரஸ்டர் வைத்திருக்கிறார். ஒரு குளிர்காலத்தில் அவருடன் ஆல்ப்ஸ் மலைச்சாலையில் சென்றபோது, பக்கத்து வண்டிகள் சக்கரத்தில் சங்கிலி மாட்டிக்கொண்டிருக்க, நாங்கள் நிற்காமல் ஏறினோம். சக்கரம் வழுக்கிய பிறகு உதவிக்கு ஓடி வருவதும் வழுக்குவதற்கு முன்பே நான்கும் பிடித்துக்கொண்டிருப்பதும் ஒன்றாகாது என்பதை அன்று கண்ணால் கண்டேன். சுபாரு இந்தியாவில் விற்பனையில் இல்லை. ஆனால் 2009இல் இங்கு வந்த முதல் தலைமுறை ஃபார்ச்சூனரும் நடுவில் டிஃபரன்ஷியல் (முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி) வைத்து நான்கு சக்கரங்களுக்கும் எந்நேரமும் விசையைத் தரும் வண்டிதான். சுசூகியும் ஹோண்டாவும் தரும் 'தேவைப்படும்போது மட்டும்' என்ற ஏற்பாடு, பெட்ரோலை மிச்சம் பிடிக்க வந்த அரைகுறை வேலை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

கெடிலக்கரை:

தம்பி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். உங்கள் முடிவில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தில்தான் சண்டை.

சுபாருவை 'எப்போதும் நான்கு' என்பதற்கு முழு உதாரணமாக நிறுத்துகிறீர்கள். 1972இல் அவர்கள் லியோனி எஸ்டேட்டில் முதன்முதலாக நான்கு சக்கர இயக்கம் கொடுத்தபோது, ஓட்டுநர் தேவை கண்டு லிவரைப் போட்டால்தான் பின்சக்கரம் சேரும். அதாவது நீங்கள் அரைகுறை என்று ஒதுக்குகிற அதே வகை. சரி, அது பழைய கதை என்பீர்கள். இன்றைக்கு ஃபாரஸ்டர் போன்ற சி.வி.டி. (படிப்படியான கியர் இல்லாத தானியங்கி) கியர்பெட்டி வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே என்ன இருக்கிறது? டிஃபரன்ஷியல் இல்லை, பல தகடு கிளட்ச்தான். கணினி அதை இறுக்கினால் பின்சக்கரத்துக்கு விசை கூடும், தளர்த்தினால் குறையும். கிராண்ட் விட்டாராவில் இருப்பதும் மின்கட்டுப்பாட்டுக் கிளட்ச்தான். ஒட்டியிருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள். அடியில் படுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் விசை கொண்டுபோகும் இரண்டு ஷாஃப்டுகளுக்கும் நடுவே இருப்பதைப் பாருங்கள்.

கிளட்ச் என்றால் தாழ்வு என்ற எண்ணமும் தவறு. 1989இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். அடிப்படையில் பின்சக்கர வண்டி. தேவைப்படும்போது மட்டும் கிளட்ச் வழியாக முன்சக்கரத்துக்குப் பாதி வரை விசை போகும். அந்த வண்டி ஜப்பானின் குரூப் ஏ பந்தயத் தொடரில் ஓடிய 29 பந்தயங்களில் 29ஐயும் வென்றது. அதையும் அரைகுறை என்பீர்களா?

முத்தியால்பேட்டைக்காரன்:

அண்ணன் சொன்ன கிளட்ச் உண்மையை ஏற்கிறேன். அது எனக்குப் புதிய செய்தி. ஆனால் இரண்டு கிளட்ச்களும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதை அவர் விட்டுவிட்டார். சுபாருவின் கிளட்ச் சாதாரண ஓட்டத்திலேயே முன்னுக்கு 60, பின்னுக்கு 40 என்ற பங்கில் நின்று, அங்கிருந்து கூட்டிக் குறைக்கிறது. கிராண்ட் விட்டாராவின் ஆட்டோ நிலை பெரும்பாலும் முன்சக்கர வண்டியாகவே ஓடி, முன்சக்கரம் வழுக்குவதை உணர்ந்த பிறகு பின்சக்கரத்தைக் கூப்பிடுகிறது. வீட்டில் காவலாள் இருப்பதற்கும், திருடன் புகுந்த பிறகு காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இது. 1995இல் வந்த முதல் ஹோண்டா சி.ஆர்.வி.யின் கதை இன்னும் மோசம்: முன்னச்சால் ஒரு பம்பும் பின்னச்சால் ஒரு பம்பும் சுற்றும், இரண்டின் வேகமும் வேறுபட்டால்தான் எண்ணெய் அழுத்தம் பிறந்து கிளட்ச் பிடிக்கும். வழுக்கல் நடந்தே ஆக வேண்டும் என்பது அதன் அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

பந்தயம் என்று வந்தால் தார்ச்சாலைக் களத்தை மட்டும் காட்டுவது நியாயமா? மண்ணிலும் பனியிலும் ஓடும் உலக ராலியில் 1995, 96, 97 ஆகிய மூன்று ஆண்டுகளும் தயாரிப்பாளர் பட்டம் சுபாருவுக்கு. 1996 முதல் 1999 வரை நான்கு முறை ஓட்டுநர் பட்டம் மிட்சுபிஷி லான்சர் ஓட்டிய டாமி மாக்கினனுக்கு. அவை எல்லாம் எந்நேரமும் நான்கு சக்கரமும் இழுத்த வண்டிகள்.

பாகூர் ஏரி:

பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் கற்பிப்பவன் என்பதால் குறுக்கிடுகிறேன். இருவருமே 'எப்போதும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டையிடுகிறீர்கள். சேற்றில் மாட்டிய வண்டியை அந்தச் சொல் மட்டும் காப்பாற்றாது.

பூட்டில்லாத சாதாரண டிஃபரன்ஷியலின் குணம் என்னவென்றால், இரண்டு பக்கமும் சமமான முறுக்குவிசையைத் தரும். எந்தப் பக்கம் பிடிமானம் குறைவோ அந்தப் பக்கம் தாங்கும் அளவுதான் மறுபக்கத்துக்கும் கிடைக்கும். முன்னச்சு, பின்னச்சு, நடு என மூன்று இடத்திலும் இத்தகைய டிஃபரன்ஷியல் உள்ள ஒரு வண்டியை எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கினாலும் அது மட்டும் வீணாகச் சுழலும், மற்ற மூன்றும் சும்மா நிற்கும். எந்நேரமும் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி, ஒரு சக்கரத்தால் தோற்றுப்போகும் வேடிக்கை இதுதான். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பழைய ஃபார்ச்சூனரில் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும் நிலை இருக்கிறது. லேண்ட் க்ரூசரில் டார்சன் வகை (பிடிமானம் உள்ள பக்கத்துக்குத் தானே கூடுதல் விசையை அனுப்பும் டிஃபரன்ஷியல்) இருக்கிறது. 2001இல் வந்த ஏழாவது லான்சர் எவல்யூஷனில் நடு டிஃபரன்ஷியலோடு மின்கட்டுப்பாட்டுக் கிளட்சையும் சேர்த்து வைத்தார்கள். ஆக, முத்தியால்பேட்டை நண்பர் புகழும் வண்டிகளுக்கும் கடைசியில் கிளட்சோ பூட்டோ தேவைப்படுகிறது.

மறுபக்கம், கிளட்ச் முறைக்கு எதிரி வெப்பம். தகடுகள் முழுமையாகப் பிடிக்காமல் தேய்ந்து வழுக்கும்போது, சக்கரத்துக்குப் போக வேண்டிய ஆற்றல் சூடாக மாறுகிறது. சாலையில் ஒரு நொடி வழுக்கல் என்றால் கவலையில்லை. ஆழ்ந்த மணலில் பத்து நிமிடம் முயன்றால், தன்னைக் காத்துக்கொள்ள கிளட்ச் விலகிவிடும். கெடிலக்கரை அண்ணன் இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வியப்பு.

சில்வர் பீச்:

ஒரு சிறு கேள்வி. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். இவற்றில் எது நீரைக் கடந்து போகும்?

கெடிலக்கரை:

சில்வர் பீச் அவர்களே, எதையும் நம்பி இறங்காதீர்கள். நீரைக் கடப்பதை முடிவு செய்வது இன்ஜின் காற்று இழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான். எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதல்ல. ஒவ்வொரு மழைக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து வரும் வண்டிகளில் நான்கு சக்கர இயக்க வண்டிகளும் உண்டு.

பேராசிரியருக்கு: நான் மறைக்கவில்லை, முறை வரட்டும் என்று காத்திருந்தேன். இதே வெப்பத்தை நேரில் பார்த்தவன் நான். சவுக்குத் தோப்புக்குள் போகும் மணல் பாதையில் ஒருவர் தம் புது வண்டியை இறக்கிவிட்டார். எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். ஏறக்குறைய கால் மணி நேரம் ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறார். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பின்சக்கரம் முற்றாக நின்றுபோனது. நான் போய்ச் சேர்ந்தபோது வண்டியின் அடியில் கருகிய வாசனை. அவரைத் திட்டவில்லை, டயர் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டு, சக்கரத்தடியைத் தோண்டி, பாக்குமட்டைகளைப் போட்டு, நிதானமாக எடுத்தோம். ஆகவே மணலில் அந்த வகை தோற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் தம்பி மணலில் மாட்டவில்லை. வாய்க்கால் ஓரத்து ஈரக் களிமண்ணில் மாட்டினார். அங்கே ஐந்து நொடி பின்சக்கரம் தள்ளியிருந்தாலே வெளியே வந்திருப்பார். அதற்கு கிராண்ட் விட்டாராவில் கிளட்சை இறுக்கிவைக்கும் லாக் நிலையே போதும். வழுக்கும் முன்பே பின்சக்கரத்தைச் சேர்த்துவைக்கும் ஸ்நோ நிலையும் அதில் உண்டு. பனியே பார்க்காத பண்ருட்டியில் ஸ்நோ என்ற பெயரைப் பார்த்து யாரும் அதைத் தொடுவதில்லை. மழைக்கால மண்சாலைக்கு அதுதான் சரியான நிலை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மணலும் சேறும் தினமும் பார்ப்பவருக்கு என் பதில் ஜிம்னி. நடுவில் தேய்வதற்குக் கிளட்ச் தகடு கிடையாது; 4எச் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும், 4எல் போட்டால் கியர் தாழ்ந்து மெதுவாக முண்டும். அச்சில் ஒரு சக்கரம் மட்டும் சுழன்றால், அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து மறுபக்கத்துக்கு விசையை அனுப்பும் ஏற்பாடும் இருக்கிறது.

முத்தியால்பேட்டைக்காரன்:

ஜிம்னி பற்றிச் சொன்னது முழுவதும் சரி, தார்ச்சாலை வரும் வரை. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாமல் பூட்டிய வண்டியில் அந்த வேறுபாடு போக இடமில்லாமல் ஷாஃப்டுகளில் முறுக்காக ஏறுகிறது. மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அந்த முறுக்கைக் கழித்துவிடும். காய்ந்த தாரில் கழியாது. அதனால்தான் 4எச்சைத் தார்ச்சாலையில் போடக் கூடாது என்கிறார்கள்.

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி மழையில் கன்னியக்கோவில் அருகே தேங்கிய தண்ணீர், ரெட்டிச்சாவடிக்குப் போனால் காய்ந்த தார், அடுத்த வளைவில் லாரி இறைத்த சேறு. பத்து நிமிடத்தில் நான்கு விதமான தரை. ஒவ்வொன்றுக்கும் லிவரைப் போட்டுப் போட்டு எடுப்பவர் யார்? ஜிம்னியானாலும் 2016க்குப் பிந்தைய ஃபார்ச்சூனரானாலும் அந்தச் சாலையில் அவை வெறும் பின்சக்கர வண்டிகளே. சேற்றுப் பாதையில் நான் ஆண்டுக்கு இரண்டு நாள் ஓட்டுகிறேன், இந்தச் சாலையில் ஆண்டு முழுவதும் ஓட்டுகிறேன்.

கெடிலக்கரை:

இது நல்ல வாதம். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கலந்த தரைக்கு நடு டிஃபரன்ஷியல் உள்ள வண்டிதான் சுகம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: நான்கு சக்கர இயக்கம் கிளம்புவதற்கும் வளைவில் இழுப்பதற்கும்தான் துணை, பிரேக் பிடிக்கும்போது எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரம்தான், தேய்ந்த டயரோடு எந்த வண்டியும் தேங்கிய நீரில் மிதக்கும்.

கிராண்ட் விட்டாராவின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் வண்டி வந்தபோது நிறுவனம் அறிவித்த அளவின்படி மேனுவல் முன்சக்கர வண்டி லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர், நான்கு சக்கர இயக்கம் 19.38. பழைய ஃபார்ச்சூனர் டீசலுக்கு இந்தக் கணக்கையே பேச வேண்டாம், மனம் உடையும். எந்நேரமும் நான்கு சக்கரம் என்றால் டயர் விஷயத்திலும் கண்டிப்பு வேண்டும். இரண்டு டயர் தேய்ந்தால் இரண்டை மட்டும் மாற்றும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. சுற்றளவு வேறுபட்டால் நடுவில் உள்ள பாகம் நேர்ச்சாலையிலும் ஓய்வின்றி உழைக்கும். நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்று சுபாருவே சொல்கிறது.

பாகூர் ஏரி:

நண்பரின் சாலைக்கு உண்மையில் பொருத்தமானது இங்கு கிடைக்காத ஒன்று. வெளிநாட்டு ஆர்.ஏ.வி.4 ஹைபிரிடில் டொயோட்டா பின்னச்சுக்கு ஷாஃப்டே கொடுக்காமல் 40 கிலோவாட் மின்மோட்டார் ஒன்றை வைத்திருக்கிறது. காய்ந்த தாரும் ஈரத் தாரும் அதற்கு ஒன்றே, முறுக்கேறும் பேச்சே இல்லை. நீண்ட மணலில் அதுவும் களைத்துப்போகும் என்பது வேறு. 2024இல் நிசான் எக்ஸ்ட்ரெயிலை மீண்டும் கொண்டுவந்தபோது அந்த வகை வரும் என்று நம்பினேன். முன்சக்கர வண்டியை மட்டும் கொண்டுவந்து கைவிரித்துவிட்டார்கள்.

முத்தியால்பேட்டைக்காரன்:

நெல்லிக்குப்பத்தில் 2013ஆம் ஆண்டு ஃபார்ச்சூனர் ஒன்று விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. அண்ணன் உடன் வந்தால் ஞாயிறன்று பார்க்கலாம்.

கெடிலக்கரை:

வருகிறேன், காலை ஏழு மணிக்குள் வாருங்கள். முதலில் டேப் வைத்து நான்கு டயரையும் அளப்பேன். பிறகு ஆற்றோர மணலில் நடுப்பூட்டைப் போட்டு, டேஷ்போர்டில் விளக்கு எரிகிறதா, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது வண்டி இழுத்துப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறிதும் பிடிக்காவிட்டால், விளக்கு எரிந்தாலும் பூட்டு விழவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். பல உரிமையாளர்கள் அந்த லிவரை ஒரு முறைகூடத் தொட்டிருக்க மாட்டார்கள்; ஆண்டுக்கணக்கில் அசையாத பாகம் துருவேறி இறுகிப்போயிருக்கும். அப்படியிருந்தால் விலையில் எவ்வளவு குறைக்கச் சொல்வது என்பதை அங்கேயே உங்கள் காதில் சொல்கிறேன், இங்கே எழுதினால் விற்பவரும் படித்துவிடுவார்.