சிங்கப்பூர் இந்திய முதியோரின் உடல்நலம்: பொதுத் தரவுகளை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது?

ஈசூன் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் உள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையம் ஒன்றில் தொண்டூழியராக இருக்கிறேன். அங்கு வரும் தமிழ் மூத்தோருக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் பயன்படும்படி, நம் சமூகம் எப்படி மூப்படைகிறது, எந்த நோய்கள் நம்மிடையே மிகுதியாக உள்ளன என்பதை நம்பகமான எண்களோடு சொல்லும் சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுத விரும்புகிறேன்.

எண்களைத் தேடப் புகுந்தபோது குழப்பமே மிஞ்சியது. 65 வயதைக் கடந்தோர் ஐந்தில் ஒருவர் என்கிறது ஓர் அறிக்கை. அதே ஆண்டுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைந்த விகிதத்தைத் தருகிறது அனைத்துலக அமைப்பு ஒன்றின் அட்டவணை. நீரிழிவைப் பற்றியும் இப்படித்தான் ஆளுக்கோர் எண் கிடைக்கிறது. பணம் கட்டாமல் பொதுமக்கள் பார்க்கக்கூடிய தரவுகள் எவை, அவற்றுள் எதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன். எனக்கு எக்செல் ஓரளவு தெரியும்; அதற்கு மேல் மென்பொருள் அறிவு கிடையாது.

வகுத்தல் (பதில்)

நீங்கள் கண்ட முரண்பாட்டில் பெரும்பகுதி, எந்த மக்களைக் கொண்டு வகுத்தார்கள் என்பதிலிருந்து பிறக்கிறது. சிங்கப்பூரில் மக்கள்தொகை என்ற சொல்லுக்கு மூன்று வட்டங்கள் உண்டு. 2024 ஜூன் நிலவரப்படி மொத்த மக்கள்தொகை 60 லட்சத்து 40 ஆயிரம். அதில் குடிமக்கள் ஏறத்தாழ 36 லட்சத்து 40 ஆயிரம், நிரந்தரவாசிகள் 5 லட்சத்து 40 ஆயிரம், எஞ்சிய 18 லட்சத்து 60 ஆயிரம் பேர் வேலை அனுமதியிலும் மாணவர் அனுமதியிலும் பிற வகைகளிலும் இங்கு இருப்பவர்கள். அந்த மூன்றாம் பிரிவில் முதியோர் மிகக் குறைவு. ஆகவே குடிமக்களை மட்டும் கொண்டு கணக்கிட்டால் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் 19.9 விழுக்காடு. நிரந்தரவாசிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது சற்றுக் குறையும்; வெளிநாட்டு ஊழியர்களையும் சேர்த்தால் இன்னும் நன்றாகக் குறையும். ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் உலக மக்கள்தொகை மதிப்பீடுகள் இந்த மூன்றாவது வட்டத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. மூன்று எண்களும் சரியானவையே. கையேட்டில் எந்த எண்ணைப் போட்டாலும் அது யாரைப் பற்றியது என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

குடிமக்களைப் பற்றிய எண்களுக்குத் தேசிய மக்கள்தொகை, திறனாளர் பிரிவு ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் வெளியிடும் மக்கள்தொகைச் சுருக்க அறிக்கை போதும், படிக்கவும் எளிது. பத்தாண்டுகளுக்கு முன், 2014இல், குடிமக்களில் முதியோர் 12.4 விழுக்காடுதான் என்ற ஒப்பீடும் அதிலிருந்தே கிடைக்கும். இனவாரியாகவும் வயதுவாரியாகவும் ஆண் பெண் என்றும் பிரித்துப் பார்க்க, புள்ளிவிவரத் துறையின் சிங்ஸ்டாட் தளத்தில் உள்ள அட்டவணைக் கருவியைப் பயன்படுத்துங்கள். வேண்டிய வரிசைகளைத் தேர்ந்தெடுத்து எக்செல் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். அங்கு பெரும்பாலும் கிடைப்பது குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த இரண்டாவது வட்டம்.

நீண்ட கால ஒப்பீடு செய்வதாக இருந்தால் அட்டவணைகளின் அடிக்குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். தொடர்ந்து பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளிநாட்டில் இருக்கும் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 2003 முதல் இந்தக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. 2002க்கும் 2003க்கும் இடையில் கோடு சட்டென்று வளைந்தால் அதற்கு மக்கள் காரணமில்லை, வரையறைதான் காரணம். ஈசூன் போன்ற ஒரு வட்டாரத்தின் எண்களும் கிடைக்கும். நகர மறுசீரமைப்பு ஆணையம் வகுத்த 55 திட்டப் பகுதிகளுக்கும் அவற்றின் உட்பிரிவுகளுக்கும் வயதுவாரியான அட்டவணைகள் உள்ளன. அவை பத்தின் மடங்குக்கு முழுமைப்படுத்தப்பட்டவை என்பதால் கூட்டுத்தொகை சில இடங்களில் பொருந்தாது. ஆணையத்தின் நிலப் பயன்பாட்டுப் பெருந்திட்டம் புதுப்பிக்கப்படும்போது எல்லைகளும் மாறுவதுண்டு.

தெம்பனிஸ் மாணவி

வணக்கம் டீச்சர். பொதுச் சுகாதாரம் படிக்கிறேன், அதனால் நோய்களைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சுகாதார அமைச்சு முன்பு ஆறாண்டுக்கு ஒருமுறை தேசியச் சுகாதார ஆய்வை நடத்தி வந்தது. அதன் 2010ஆம் ஆண்டு அறிக்கைதான் நம் சமூகத்தைப் பற்றிப் பேசும்போது இன்றும் மிகுதியாக எடுத்துக்காட்டப்படுகிறது. 18 முதல் 69 வயது வரையிலானோரில் நீரிழிவு இந்தியரிடையே 17.2, மலாய்க்காரரிடையே 16.6, சீனரிடையே 9.7 விழுக்காடு என்று அது காட்டியது. பின்னர் வந்த தேசிய மக்கள் சுகாதார ஆய்வு 18 முதல் 74 வயது வரையிலானோரை எடுத்துக்கொள்கிறது. அதன் 2021, 2022ஆம் ஆண்டுகளின் முடிவுப்படி அனைவரையும் சேர்த்து நீரிழிவு 8.5 விழுக்காடு. வயதெல்லை மாறியிருப்பதைக் கவனியுங்கள். 2010இன் எண்ணையும் இந்த எண்ணையும் அடுத்தடுத்து வைத்து ஏறியது, இறங்கியது என்று எழுதுவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

உங்கள் நோக்கத்திற்கு இதைவிட முக்கியமான ஒரு குறை அந்த ஆய்வில் இருக்கிறது. 74 வயதோடு அது நின்றுவிடுகிறது. நிலையத்திற்கு வரும் 80 வயதுப் பாட்டியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மூப்பைப் பற்றிய கையேட்டுக்கு இதை மட்டும் நம்பினால், நடமாட்டத் தளர்ச்சி, முதுமை மறதி போன்றவை மிகும் வயதே விடுபட்டுப்போகும். அந்த இடைவெளியை மனநலக் கழகம் 60 வயதைக் கடந்தோரிடம் நடத்திய ஆய்வு ஓரளவு நிரப்புகிறது. 2013இல் முதுமை மறதி உடையோர் பத்தில் ஒருவர் என்றும், பத்தாண்டு கழித்து மீண்டும் நடத்தியபோது 8.8 விழுக்காடு என்றும் அது கண்டறிந்தது. டியூக் என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் முதுமை ஆய்வு மையம் 2016, 2017இல் நடத்திய ஆய்வும் 60 வயதுக்கு மேற்பட்டோரைப் பற்றியதே. தனிமை, குடும்ப உதவி, பணப் பரிமாற்றம் ஆகியவை குறித்து அதன் அறிக்கையில் நல்ல செய்திகள் உண்டு. இவற்றின் அறிக்கைகளை எவரும் படிக்கலாம். ஆனால் தனிநபர் வாரியான மூலக் கோப்புகள் ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பெற வேண்டியவை. உங்களுக்கு அவை தேவைப்படா.

அடுத்தது வயதுச் சீரமைப்பு. கற்பனை எண்களால் விளக்குகிறேன். இரண்டு ஊர்களிலும் முதியோரில் 30 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் ஒரு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஊரில் முதியோர் 20 விழுக்காடு, இரண்டாவது ஊரில் 10 விழுக்காடு. முதல் ஊரின் மொத்த நோய் விகிதம் 10 என்றும் இரண்டாவது ஊரின் விகிதம் 7.5 என்றும் வரும். முதல் ஊரார் நோயாளிகள் என்று யாராவது எழுதினால் அது தவறு. அங்கு வயதானவர்கள் அதிகம், அவ்வளவுதான். இதனால்தான் இரு குழுக்களை ஒப்பிடும்போது ஒரே வயதமைப்பைப் பொதுவாக வைத்துத் திருத்திய விகிதத்தைப் பார்க்கிறோம். ஒரு நிலையத்துக்கு எத்தனை படுக்கை, எத்தனை செவிலியர் வேண்டும் என்று திட்டமிடுபவருக்கோ திருத்தாத விகிதம்தான் பயன்படும், ஏனெனில் உண்மையில் வாசலில் வந்து நிற்கப் போகிறவர்களின் எண்ணிக்கையைச் சொல்வது அதுவே.

புற்றுநோய்க்கு மட்டும் நம்மிடம் மிக நீண்ட தொடர் இருக்கிறது. பேராசிரியர் சண்முகரத்தினம் நிறுவிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகம் 1968 தொடங்கி விவரங்களைத் திரட்டி வருகிறது. அதன் அறிக்கைகள் இனவாரியாகவும் வயதுச் சீரமைப்போடும் வெளியாகின்றன. தமிழில் இவற்றைப் பற்றி எவரும் எழுதி நான் பார்க்காதது எனக்கு வருத்தமே.

ஈசூன் ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. வகுக்கும் வட்டத்தைப் பற்றிய விளக்கம் என் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள். இந்தியர் என்று தரப்படும் எண்களிலிருந்து தமிழரை மட்டும் தனியே எடுக்க முடியுமா? நிலையத்தில் பலர், "ஊரில் இருப்பவர்களைவிட நாம்தான் சர்க்கரை நோயாளிகள்" என்று பேசிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு முதியோரோடு ஒப்பிட ஏதேனும் பொதுத் தரவு உண்டா?

பிடோக் வாசகர்

அம்மா, முதல் ஐயத்திற்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன்.

புள்ளிவிவரத் துறையின் வரையறைப்படி இந்தியர் என்ற பிரிவில் தமிழர், மலையாளிகள், பஞ்சாபியர், வங்காளிகள் மட்டுமின்றிப் பாகிஸ்தான், பங்ளாதேஷ், இலங்கை வம்சாவளியினரும் அடங்குவர். தமிழர் இதில் பாதிக்கும் சற்று மேல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த உட்பிரிவுகளைக் காட்டும். சுகாதார ஆய்வுகள் காட்டா. அவற்றின் மாதிரியில் இந்தியரே குறைவு என்பதால், அதையும் உடைத்து, அதிலும் முதியோரை மட்டும் எடுத்தால் கையில் எஞ்சுவோர் மிகச் சிலராகிவிடுவர். அதிலிருந்து பிறக்கும் விழுக்காட்டை நம்ப முடியாது. ஆகவே கையேட்டில் இந்தியர் என்றே எழுதுவதுதான் நேர்மை.

வீட்டில் தமிழ் பேசுவோர் என்ற அட்டவணையைத் தமிழருக்கு ஈடாகச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது சரிப்படாது. ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010இல் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல், 2020இல் 2.5 விழுக்காடு. தமிழர்கள் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. வீட்டு மொழிதான் மாறுகிறது. ஆனால் கையேட்டைத் தமிழில் எழுதுவதா, இரு மொழிகளிலும் எழுதுவதா என்று நீங்கள் முடிவுசெய்ய வயதுவாரியான வீட்டு மொழி அட்டவணை உதவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990இல் குடியிருப்பாளரில் (குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்து) 7.1 விழுக்காடாக இருந்த இந்தியர் 2010இல் 9.2 ஆகி, 2020இல் 9.0 விழுக்காடாக இருந்தனர். இடைப்பட்ட காலத்தில் படித்து வேலைக்கு வந்து குடியேறியவர்கள் பலர். எனவே 2004இல் இந்தியரிடையே 15.3 விழுக்காடாக இருந்த நீரிழிவு 2010இல் 17.2 ஆனது என்று எழுதும்போது, இரண்டு ஆண்டுகளிலும் அளக்கப்பட்டது ஒரே மக்கள்கூட்டம் அன்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தெம்பனிஸ் மாணவி

தமிழ்நாட்டுக்கு லாசி எனப்படும் இந்திய முதுமை நெடுங்கால ஆய்வைப் பாருங்கள் டீச்சர். மும்பையில் உள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் பிற நிறுவனங்களோடு சேர்ந்து 2017, 2018இல் அதன் முதல் சுற்றை நடத்தியது. 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். மாநிலவாரியான அறிக்கையும் உண்டு. அமெரிக்காவில் 1992இலும் இங்கிலாந்தில் 2002இலும் தொடங்கிய முதுமை ஆய்வுகளின் வழியில் கேள்விகள் அமைக்கப்பட்டவை என்பதால் நாடுகளிடையே ஒப்பிட இது ஏற்றது. தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் நடத்தும் உலக முதுமைத் தரவு வாயிலில், பல நாடுகளின் ஆய்வுகளில் எந்தக் கேள்வி எதற்கு இணையானது என்பதைத் தேடிப் பார்க்கலாம்.

ஆயினும் நிலையத்தில் பேசிக்கொள்ளும் அந்தக் கூற்றை இதைக் கொண்டு மெய்ப்பிக்கவோ மறுக்கவோ வேண்டாம் என்றே சொல்வேன். லாசி அறிக்கையில் வரும் நீரிழிவு விகிதம், மருத்துவர் சொன்னதாகப் பதிலளிப்பவரே கூறியது. சிங்கப்பூரின் 2010 ஆய்வோ ரத்தத்தைச் சோதித்தது. தமக்கு நோய் இருப்பதே தெரியாதவர்களும் அதில் கண்டறியப்பட்டார்கள். மருத்துவரை எளிதில் பார்க்க முடியாத ஊரில், கேட்டறியும் விகிதம் குறைவாகத்தான் வரும். இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வு 2019 முதல் 2021 வரையிலான ஐந்தாம் சுற்றில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் ரத்தச் சர்க்கரையை அளந்தது. ஆனால் அது உணவு உண்ட நேரத்தைப் பொருட்படுத்தாமல் விரல் நுனியில் எடுத்த அளவு. மூன்று கருவிகளால் அளந்த மூன்று பொருள்கள் இவை.

வகுத்தல்

மாணவி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆயுட்காலத்தைப் பற்றி எழுதும்போதும் இதே சிக்கல் வரும். 2017ஆம் ஆண்டுக்குச் சிங்கப்பூரரின் பிறப்புநிலை ஆயுட்காலம் 84.8 ஆண்டு, நலமாக வாழும் காலம் 74.2 ஆண்டு என்று சுகாதார அமைச்சும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சுகாதார அளவீட்டு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட நோய்ச்சுமை அறிக்கை சொல்கிறது. புள்ளிவிவரத் துறை அதே ஆண்டுக்குத் தந்தது 83.1. முன்னது உலக நாடுகள் அனைத்துக்கும் பொதுவான மாதிரியால் மதிப்பிட்டது; பின்னது இங்குள்ள இறப்புப் பதிவுகளிலிருந்து கணக்கிட்டது. 83.1இலிருந்து 74.2ஐக் கழித்து, நோயோடு வாழும் ஆண்டுகள் இத்தனை என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். கழிப்பதாக இருந்தால் இரண்டையும் ஒரே அறிக்கையிலிருந்து எடுங்கள்; அப்போது விடை பத்தாண்டுக்குச் சற்று மேல் வரும்.

ஈசூன் ஆசிரியை

தெளிவாகப் புரிந்தது. தமிழ்நாட்டு ஒப்பீட்டைக் கைவிட்டுவிட்டு, குடிமக்களின் மூப்பு, இனவாரி நீரிழிவு, முதுமை மறதி ஆகிய மூன்றை மட்டும் எழுதப் போகிறேன். கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி: இந்த அட்டவணைகளைக் கையேட்டில் அச்சிட அனுமதி கேட்க வேண்டுமா?

வகுத்தல்

அரசின் திறந்த தரவுத் தளமான டேட்டா.கவ்.எஸ்ஜியில் உள்ளவை சிங்கப்பூர்த் திறந்த தரவு உரிமத்தின்கீழ் வருகின்றன. எங்கிருந்து, எப்போது எடுத்தது என்பதைக் குறிப்பிட்டால் இலவசமாக அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். பிற தளங்களின் பயன்பாட்டு விதிகளை அந்தந்த இடத்தில் படித்துக்கொள்ளுங்கள். ஆய்விதழ்களில் வந்த வரைபடங்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் உள்ள எண்களை எடுத்து, வரைபடத்தை நீங்களே எக்செல்லில் வரைந்துகொள்வதே எளிது.