பென் டிஸ்ப்ளேயில் சாய்ந்த கோடு மட்டும் நெளிகிறது

வணக்கம். என்னிடம் இருப்பது 13.3 அங்குல பென் டிஸ்ப்ளே (திரை மேலேயே பேனாவால் வரையும் கருவி), 8192 அழுத்த நிலைகள் கொண்டது. விண்டோஸ் 11 லேப்டாப்பில் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள். ஊர் மதுரை. பொங்கலுக்கு அப்புறம்தான் இந்தத் தொல்லை: மெதுவாகச் சாய்ந்த கோடு இழுத்தால் படிக்கட்டு மாதிரி நெளிகிறது. வேகமாக இழுத்தால் நேராக வருகிறது. ஆனால் தாடை, புருவமெல்லாம் மெதுவாகத்தானே வரைய முடியும்!

டிரைவரை முழுக்க நீக்கித் திரும்பப் போட்டேன். விண்டோஸின் பேனா வசதியான விண்டோஸ் இங்க்கை அணைத்தேன். பேனா முனை, யூஎஸ்பி கேபிள் இரண்டும் மாற்றியாயிற்று. கிரிட்டாவில் கை நடுக்கத்தைச் சமன் செய்யும் ஸ்டெபிலைசரைக் கூட்டினால் நெளிவு மறைகிறது, ஆனால் கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபடுகிறது.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் மட்டும் நெளிவு குறைகிறது, முழுதாகப் போவதில்லை. சார்ஜர் இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது.

கோளாறு சார்ஜரிலா, திரையின் சென்சாரிலா என்று வீட்டிலேயே எப்படி உறுதி செய்வது?