தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம்: இரண்டு மணி நேரத்தில் எதைப் பார்ப்பது?

கேட்டவர்: மகள்
அம்மாவோடு தஞ்சாவூர் போகிறேன். காலையில் பெரிய கோயில், அப்புறம் அரண்மனைக் கலைக்கூடம். அம்மாவுக்கு முட்டி வலி, அதிகம் நடக்க முடியாது. அதோடு, "பூசை இல்லாத சாமியை வேடிக்கை பார்க்க நான் வரலை" என்று வேறு சொல்கிறார். எனக்கோ சிலைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கே தொடங்கலாம்?

பதில்: செப்புப்பித்தன்
நேரே திருவெண்காட்டுச் செப்புத் திருமேனிகளிடம் போங்கள். மற்றதெல்லாம் பிறகுதான்.

அங்கே ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், நிற்கிறார். ராஜராஜன் காலத்தில், 1011-இல் செய்தது. பக்கத்தில் இருக்கும் அம்மன் அடுத்த வருடத்தது. சிவன் சடையைப் பாம்புகளோடு தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கிறார். காலை மாற்றி வைத்து, காளை மேல் கையை ஊன்றிய நிலை. ஆனால் காளை இல்லை! அது இல்லாமலேயே அந்தக் கைக்குக் கீழே ஒரு காளையின் உயரம் நமக்குத் தெரிகிறது. என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் இதைவிட அழகான ஆண் உருவம் கிடையாது. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இவை வீதியுலாவுக்காகச் செய்த உற்சவ மூர்த்திகள். கோயிலில் பட்டும் மாலையும் சாத்திய பிறகு முகமும் கையும்தான் நமக்குத் தெரியும். இங்கே முழுத் திருமேனியும் தெரிகிறது. பீடங்களையும் கவனியுங்கள்: தூக்கிச் செல்லக் கழி கோப்பதற்கான துளையோ வளையமோ இருக்கும். மெழுகில் உருவம் பிடித்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அதனால் ஒன்றைப் போல இன்னொன்று வராது.

சிவன் பார்வதியை மணக்கும் கோலமான கல்யாணசுந்தரரை விட்டுவிடாதீர்கள். பார்வதியின் வெட்கம் கழுத்துச் சாய்விலேயே இருக்கிறது.

பதில்: கல்பக்கம்
செப்புப்பித்தனுக்குக் கல் என்றால் இளப்பம். தாராசுரத்திலிருந்து வந்த கஜசம்ஹார மூர்த்தி அதே இடத்தில்தான் இருக்கிறார். யானைத் தோலை உரித்து விரித்து ஆடும் சிவன். ஓரத்தில் குழந்தையோடு பயந்து ஒதுங்கும் பார்வதி. அந்தப் பயத்தைக் கல்லில் கொண்டுவந்தவனை என்ன சொல்வது? நாயக்கர் தர்பார் மண்டபத்தில் சலவைக்கல்லில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியும் நிற்கிறார். செய்தவர் இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மன். சாமிகளுக்கு நடுவே ராஜா கொஞ்சம் அந்நியமாகத்தான் தெரிவார்.

அரண்மனைக் கோபுரத்து மாடிப் படிகள் அம்மாவுக்கு வேண்டாம். நீங்கள் ஏறுவதென்றால் அவரைக் கீழே உட்கார வைத்துவிட்டுப் போங்கள்.

கேட்டவர்: மகள்
காளை இல்லாத கதையைச் சொன்னதும் அம்மா, "அது எங்கே போச்சாம்?" என்று கேட்டார். வருகிறாராம். சரஸ்வதி மகால் நூலகமும் அதே வளாகம்தானே?

பதில்: செப்புப்பித்தன்
அதே வளாகம்தான். ஓலைச்சுவடிகளும் பழைய படங்களும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குக் கால் ஒத்துழைத்தால் மட்டும் போங்கள்.